வாய் திறக்காத சர்வர்கள்

‘அம்மா’ என்று பெயரிட்ட ஒரு புகைப்படக் கோப்பைப் பைத்தானில் எழுதிய இணையதளம் ஒன்றில் ஏற்றினால் என்ன ஆகும்? தளத்தை எழுதியவரின் மடிக்கணினியில் ஒன்றும் ஆகாது, படம் ஏறிவிடும். அதே நிரலை அப்பாச்சி சர்வரில் நிறுவிவிட்டு ஏற்றிப் பார்த்தால், பல பழைய நிறுவல்களில், பக்கம் அப்படியே விழுந்துவிடும். லாகைத் திறந்தால், எழுத்தின் எண் 128-க்குள் அடங்கவில்லை என்று ஒரு பிழைச்செய்தி நிற்கும். யூனிகோடில் ‘அ’வின் எண் 2949. 128-க்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சில குறிகள் அவ்வளவுதான்.

நிரலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதைத் தொடங்கிவைத்த ஆள்தான் மாறியிருக்கிறார். மடிக்கணினியில் தொடங்கியவர் உள்நுழைந்து அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். அவருடைய மொழி அமைப்பு யுடிஎஃப்-8, தமிழ் உட்பட எல்லா எழுத்தும் அதில் செல்லும். சர்வரில் தொடங்கியது அப்பாச்சி. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் அப்பாச்சிக்கென்று தனியாக ஒரு சூழல் கோப்பு உண்டு. அதில் ‘லாங்’ என்ற மாறிக்கு ‘சி’ என்ற மதிப்பு எழுதப்பட்டிருக்கும். ‘சி’ என்பது எந்த நாட்டு மொழியும் தெரியாத, பழைய ஆஸ்கி எழுத்துகள் மட்டுமே தெரிந்த அமைப்பு. அந்த ஒரு வரியை மாற்றி அப்பாச்சியை மறுபடி தொடங்கினால் படம் ஏறும். பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவின் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. இருந்தும் தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் ஊரில் எத்தனை பேர், ‘கோப்புப் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் வையுங்கள்’ என்று பயனரிடம் அறிவிப்பு ஒட்டி வேலையை முடித்திருப்பார்கள்!

நிரலுக்கு வெளியே இருந்து, அது ஓடத் தொடங்கும் கணத்தில் அதன் கையில் கொடுத்தனுப்பப்படும் இத்தகைய குறிப்புகளே சூழல் மாறிகள். தரவுத்தளம் எங்கே, அதன் கடவுச்சொல் என்ன, எந்த நேர மண்டலம், எந்தப் போர்ட், வெளியே போக எந்த ப்ராக்ஸி என்பனவெல்லாம் இந்த வழியில்தான் நிரலுக்குப் போய்ச் சேர்கின்றன. அலுவலகப் பேச்சில் இதைச் சுருக்கமாக ‘என்வி’ என்பார்கள். ‘ப்ரோ, லோக்கல்ல ஓடுது, சர்வர்ல ஓடலை’ என்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை விரட்டிக்கொண்டு போனால், பலமுறை இந்த என்வியில்தான் போய் முடியும். பழி மட்டும் குழுவிலேயே இளையவர் தலையில் விழும். ‘கான்ஃபிகைச் சரியாகப் பார்க்கவில்லை’ என்று ஒரு வரி. உண்மையில் அந்தப் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

1979-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் சூழல் மாறிகள் இன்றைய வடிவில் வந்தன. 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. அன்று கணினி என்றால் டெர்மினலுக்கு முன்னால் ஓர் ஆள் இருப்பார். உள்நுழைவார், கட்டளை தட்டுவார், நிரல் ஓடும். ஒரே விவரத்தை ஒவ்வொரு கட்டளைக்கும் திரும்பத் திரும்பத் தட்டாமலிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் மாறிகளின் படி ஒன்றை அதற்குக் கொடுக்கும். கொடுத்தபின் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். விடுதிக்குப் போகும் பையனின் பெட்டியில், கிளம்பும் நாளில் வீட்டார் வைத்தது மட்டும்தான் இருக்கும். அடுத்த வாரம் வீட்டில் எடுத்த சட்டை தானாக நடந்து அந்தப் பெட்டிக்குள் போய்விடாது.

இன்று சர்வரில் ஓடும் நிரல்களுக்கு முன்னால் யாரும் அமர்ந்திருப்பதில்லை. கணினி விழிக்கும்போதே அவையும் விழித்துக்கொள்கின்றன. லினக்ஸில் இந்த எழுப்பும் வேலையைப் பெரும்பாலும் சிஸ்டம்டி பார்க்கிறது. லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் 2010-இல் கொண்டுவந்த நிரல் இது. 2011-இல் ஃபெடோராவும் 2015-இல் டெபியனும் உபுண்டுவும் இதற்கு மாறின. சேவையைத் தொடங்கும் தாய் சிஸ்டம்டி. அதற்கு உங்கள் வீட்டுக் கோப்புறையைப் பற்றியோ, அதில் நீங்கள் ஆசை ஆசையாக எழுதி வைத்திருக்கும் பாஷ்ஆர்சி கோப்பைப் பற்றியோ எதுவும் தெரியாது. படித்தால்கூடப் பெரிய பயனில்லை. உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலைப்பிலேயே, எதிரே ஆள் அமர்ந்து பேசாத நேரமாக இருந்தால் மேற்கொண்டு படிக்காமல் திரும்பிவிடு என்று சில வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கீழே நீங்கள் என்ன எழுதினாலும் அது அந்த வரிகளைத் தாண்டாது.

இதை அருகில் வைத்துப் பார்க்க ஓலாமா நல்ல உதாரணம். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்ட உதவும் மென்பொருள் அது. சில ஆண்டுகளாகக் கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் நிறையப் புழங்குகிறது. லினக்ஸில் நிறுவினால் அது தனக்கென ‘ஓலாமா’ என்றொரு பயனரை உருவாக்கிக்கொண்டு, பின்னணிச் சேவையாக உட்கார்ந்துவிடும். இயல்பாக 127.0.0.1 என்ற முகவரியில், 11434 என்ற போர்ட்டில் மட்டும் காது கொடுக்கும். அதாவது அதே கணினியிலிருந்து வரும் பேச்சைத்தான் கேட்கும். ஆய்வகத்தின் மற்ற கணினிகளிலிருந்தும் அணுக வேண்டுமென்றால் ‘ஓலாமா ஹோஸ்ட்’ என்ற மாறியை மாற்ற வேண்டும்.

மாணவர் என்ன செய்வார்? டெர்மினலைத் திறந்து, எக்ஸ்போர்ட் கட்டளை தட்டி, அந்த மாறிக்குப் புது மதிப்பு கொடுப்பார். அச்சிட்டுப் பார்ப்பார். மதிப்பு சரியாக வரும். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து தொட்டுப் பார்த்தால் கதவு திறக்காது. இன்னும் வேடிக்கை, ஓலாமாவில் சேவை தவிர, கட்டளை தட்டும் கிளையன்ட் நிரல் ஒன்றும் இருக்கிறது. அதுவும் இதே மாறியைப் படிக்கும். ஆக, டெர்மினலில் கொடுத்த மதிப்பு கிளையன்ட் நிரலுக்குப் போகும், சேவைக்குப் போகாது. ஒரே பெயரில் ஒரே கணினியில் இரண்டு நிரல்களும் இரண்டு உலகங்களில் இருக்கும்.

பொறுமை இழந்த மாணவர் சேவையை நிறுத்திவிட்டு, டெர்மினலிலேயே ஓலாமாவைத் தன் பெயரில் ஓட்டுவார். இப்போது பக்கத்து மேசையிலிருந்து கதவு திறக்கும். ஆனால் முந்தின நாள் மணிக்கணக்காக இறக்கிய மாதிரிகள் ஒன்றையும் காணோம்! எங்கும் போகவில்லை, சேவைப் பயனரின் கோப்புறையில்தான் இருக்கின்றன. இப்போது ஓடும் நிரல் மாணவரின் வீட்டுக் கோப்புறையில் தேடிக்கொண்டிருக்கிறது. ஜிபி கணக்கில் மறுபடியும் இறக்குவார். டேட்டாவும் போகும், வட்டும் நிறையும்.

சரியான வழி சிரமமானதல்ல. சேவையின் அமைப்புக் கோப்பை சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையால் திறந்து, ‘என்விரான்மென்ட்’ என்ற வரியைச் சேர்த்து, டீமன்-ரீலோட் கொடுத்து, சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓலாமாவின் கையேடு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மேக்கில் லாஞ்ச்சிடிஎல், விண்டோஸில் நிரலை முழுவதும் மூடிவிட்டுக் கணக்கு அமைப்பில் மாற்றித் திரும்பத் தொடங்குவது என்று மூன்று தளங்களுக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறது. பாராட்ட வேண்டிய இன்னொன்றும் உண்டு. அண்மைப் பதிப்புகளில் அந்தச் சேவை எழுந்தவுடனே, தான் பயன்படுத்தும் மாறிகளின் மதிப்புகளை லாகில் ஒரு வரியாகக் கொட்டிவிடுகிறது. ‘எனக்குக் கிடைத்த ஹோஸ்ட் இது, மாதிரிகளை நான் தேடும் இடம் இது’ என்று சொல்லிவிடுகிறது. பல மணி நேரத் தேடலை ஒரே வரி மிச்சப்படுத்துகிறது. (முகவரியை 0.0.0.0 என்று வைத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஓலாமாவின் அந்த வாசலில் கடவுச்சொல் கேட்கும் காவலாளி இல்லை. ஆய்வகத்துக்கு வெளியே இணையத்துக்கு அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது.)

எழுந்தவுடன் லாகில் சொல்லிவிடும் இந்தப் பழக்கம் மற்ற மென்பொருள்களுக்கு ஏன் வரவில்லை? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

சூழல் மாறி வராததல்ல பெரிய தொல்லை. வராதபோது நிரல் வாய் திறக்காமல் ஏதோ ஓர் இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுவதுதான் தொல்லை. தரவுத்தள முகவரி வரவில்லையா? சரி, இதே கணினியில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நேர மண்டலம் வரவில்லையா? யுடிசி என்று வைத்துக்கொள்வோம். இந்த ‘வைத்துக்கொள்வோம்’கள் எல்லாம் எழுதியவருக்கு வசதி. பிழை உடனே வெடித்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். சத்தமின்றி ஓடினால் மூன்று வாரம் கழித்துக் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும்.

நேர மண்டலத்தையே எடுத்துக்கொள்வோம். மேகக் கணினிகள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் கிடைக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 9 மணிக்கு என்று எழுதி வைத்த வேலை நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.30-க்கு ஓடும். அது பரவாயில்லை, யாராவது கவனித்துவிடுவார்கள். நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடையில் நடந்த விற்பனையெல்லாம் முந்தின நாள் தேதியில் போய் விழுகிறதே, அதை யார் கவனிப்பார்? விடியற்காலை வியாபாரமே முக்கியமான பால், பூ, காய்கறி மொத்த விற்பனையில் இந்தப் பிழை சிறியதாக இருக்காது. நேர மண்டல மாறி கிடைக்கவில்லை, அதனால் யுடிசியில் ஓடுகிறேன் என்று நிரல் தொடக்கத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் கதையும் இதுவே. 1987-இல் பால் விக்ஸி எழுதிய கிரானின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகெங்கும் ஓடுகின்றன. நிரல்களை எங்கெங்கே தேடலாம் என்று சொல்லும் ‘பாத்’ மாறியில், அது வழக்கமாகத் தருவது இரண்டே இரண்டு கோப்புறைகள். நீங்கள் தனியாக நிறுவிய நோடோ, பைத்தானோ, ஜாவாவோ அந்த இரண்டில் இருக்காது. டெர்மினலில் நூறு முறை ஓடிய ஸ்கிரிப்ட், கிரானில் முதல் ராத்திரியே ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று விழும். விழுந்த சேதியைக் கிரான் மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். சர்வரில் மின்னஞ்சல் அமைப்பே இருக்காது. அந்தச் சேதியும் யார் கண்ணிலும் படாமல் போகும்.

நிரல்களைக் கண்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரை எடுத்துக்கொண்டால், ப்ராக்ஸி வழியாக மட்டுமே வெளி இணையத்தைத் தொட முடிகிற கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்னொரு கூத்து. டெர்மினலில் ப்ராக்ஸி மாறியைக் கொடுத்திருப்பார்கள், கர்ல் வேலை செய்யும், டாக்கர் புல் மட்டும் தொங்கும். டாக்கர் இமேஜை இறக்குவது நாம் தட்டும் டாக்கர் கட்டளை அல்ல. பின்னால் இருக்கும் டாக்கர் சேவைதான் இறக்குகிறது. அதற்கு ப்ராக்ஸியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போதும் கவனம் வேண்டும். கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் இருந்தால் அவற்றைச் சதவீதக் குறியோடு எழுத வேண்டிவரும். சிஸ்டம்டிக்குச் சதவீதக் குறி என்றால் வேறு பொருள். ஆகவே இரண்டு சதவீதக் குறிகளாக எழுத வேண்டும். இதையெல்லாம் ஒரு மனிதர் உள்ளுணர்வால் கண்டுபிடிக்க வேண்டுமாம்!

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே சிஸ்டம் மாறியை மாற்றினால், புதிதாகத் திறக்கும் கட்டளைச் சாளரத்தில் அது தெரியும். ஆனால் சேவைகளைத் தொடங்கும் நிரல் கணினி எழுந்தபோது வாங்கிய படியையே வைத்துக்கொண்டிருக்கும். சேவையை மட்டும் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய மதிப்புதான் போகும். கணினியையே மறுதொடக்கம் செய்தாக வேண்டும். ‘செட்எக்ஸ்’ கட்டளையின் குணம் இன்னும் கொடியது. 1024 எழுத்துகளுக்கு மேல் போனால் வெட்டிவிடும். நீண்ட ‘பாத்’ மாறியின் வாலை அதனிடம் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

தேடும் முறையிலும் ஒரு தவறு வேரூன்றியிருக்கிறது. சர்வரில் உள்நுழைந்து, எல்லா மாறிகளையும் அச்சிடும் கட்டளையைத் தட்டி, ‘இதோ இருக்கிறதே’ என்று காட்டுவார்கள். அது உள்நுழைந்தவரின் சூழலை மட்டுமே காட்டும். ஓடும் நிரலின் சூழலை அறிய லினக்ஸில் நேர்வழி உண்டு. ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் இருக்கிறது. ‘ப்ராக்’ கோப்புறைக்குள் அந்த எண்ணின் பெயரில் ஒரு கோப்புறையும், அதனுள் ‘என்விரான்’ என்ற கோப்பும் இருக்கும். நிரல் தொடங்கியபோது அதற்கு என்ன கொடுக்கப்பட்டதோ அது அப்படியே அதில் இருக்கும். மாறிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத வெற்று எழுத்து இருப்பதால் எல்லாம் ஒட்டிக்கொண்டு தெரியும். அதை வரி வரியாகப் பிரிக்க ‘டிஆர்’ கட்டளை போதும். அந்தக் கோப்பைச் சேவையின் பயனரோ ரூட்டோ மட்டுமே படிக்கலாம். விவாதத்தை நிறுத்தும் சான்று இது. மாறி அதில் இல்லையென்றால் தாயிடம் போய்த் தேட வேண்டும். இருந்தும் நிரல் அதை மதிக்கவில்லையென்றால் நிரலுக்குள் தேட வேண்டும்.

மாறி அந்தக் கோப்பில் இருந்தும் ஏமாற்றம் வரும் இடங்கள் சில உண்டு. எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் தன் தாயிடமிருந்து வரும் மாறிகளில் நேர மண்டலத்தைத் தவிர மற்றதையெல்லாம் இயல்பாகவே உதறிவிடும். பிஎச்பி-எஃப்பிஎம்மும் வேலைசெய்யும் பிள்ளை நிரல்களுக்குக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் துடைத்துவிடும். வேண்டுமென்று தனியே எழுதிவைத்தால்தான் கடத்தும். பாதுகாப்பு கருதிச் செய்தவைதான், குறை சொல்ல முடியாது. சூடோவும் அப்படியே, பெரும்பாலான மாறிகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடும். தெரியாதவர்களுக்கு மந்திரம் போலத் தோன்றுவதெல்லாம் இந்தத் துடைப்பம்தான்.

பிறகு மேற்கோள் குறிகள். சிஸ்டம்டி படிக்கும் சூழல் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. அதற்குள் ‘எக்ஸ்போர்ட்’ என்று எழுதினாலோ, ஒரு மாறிக்குள் இன்னொரு மாறியை டாலர் குறி போட்டு அழைத்தாலோ ஷெல் செய்வதை அது செய்யாது. டாக்கர் ரன் கட்டளைக்குக் கொடுக்கும் கோப்பில் மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால், அந்தக் குறியும் மதிப்போடு சேர்ந்தே போகும். கடவுச்சொல்லின் இருபுறமும் குறிகள் ஒட்டிக்கொள்ளும். டாக்கர் கம்போஸ் அதே குறிகளை நீக்கிவிடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகள், ஒரே மாதிரித் தோன்றும் கோப்பு, இரண்டு நடத்தை.

வராத மாறியைப் போலவே, அழையாமல் வரும் மாறியும் ஆளைக் கவிழ்க்கும். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ‘ரெடிஸ்’ என்ற பெயரில் ஒரு சேவை வைத்தால், அதே பகுதியில் பிறகு எழும் மற்ற நிரல்களுக்கெல்லாம் ‘ரெடிஸ் போர்ட்’ என்ற மாறியைக் குபர்நெட்டீஸ் தானே நுழைத்துவிடும். அதன் மதிப்பு 6379 என்ற எண்ணாக இருக்காது, டிசிபி என்று தொடங்கும் முழு முகவரியாக இருக்கும். உங்கள் நிரலோ அதே பெயரில் ஓர் எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்கும். நிரலை எழுதியவர், சர்வரை அமைத்தவர் இருவருமே எதையும் தவறாகச் செய்யவில்லை. ஆனால் நிரல் எழாது.

சூழல் மாறிகளுக்கு ஆதரவான வாதம் வலுவானதே. மேகச் சேவை நிறுவனமான ஹெரோகுவின் இணை நிறுவனர் ஆடம் விகின்ஸ் 2011-இல் எழுதிய ‘பன்னிரண்டு காரணிகள்’ என்ற வழிகாட்டி, அமைப்புகளை நிரலுக்குள் எழுதாமல் சூழலில் வையுங்கள் என்றது. அதற்குமுன் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, அதைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டுக் கையைப் பிசைந்த காலம் இருந்தது. எந்த மொழியில் எழுதினாலும், எந்த இயங்குதளத்தில் ஓட்டினாலும் சூழல் மாறி வேலை செய்யும் என்பது சிறிய வசதியல்ல. சோதனைக்கு ஒரு மதிப்பு, நேரடிப் பயன்பாட்டுக்கு ஒரு மதிப்பு என்று நிரலைத் தொடாமலே மாற்றலாம். அந்த வழிகாட்டி இன்றும் படிக்கத் தகுந்தது. அதைப் பின்பற்றியவர்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அமைப்பைச் சூழலிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டார்கள். படித்தது என்ன, படிக்கக் கிடைக்காதது என்ன என்று சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

‘எல்லா மாறியையும் லாகில் எழுதினால் கடவுச்சொல்லும் வெளியே போகுமே’ என்று உடனே ஒரு குரல் எழும். நியாயமான கவலை. ஆனால் அந்தக் கவலை உண்மையானால், கடவுச்சொல்லை முதலில் அங்கே வைத்திருக்கவே கூடாது. சிஸ்டம்டியின் சொந்தக் கையேடே, ரகசியங்களைக் கொடுக்கச் சூழல் மாறிகள் ஏற்றவையல்ல என்கிறது. சேவையின் அமைப்பில் எழுதிய மாறியை அந்தக் கணினியின் எந்தச் சாதாரணப் பயனரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு நிரலிலிருந்து அதன் பிள்ளை, பேரப்பிள்ளை நிரல்களுக்கும் அது போய்க்கொண்டே இருக்கும். இதற்கு மாற்றாக ரகசியங்களைத் தனிக் கோப்பாகக் கொடுக்கும் வசதியை 2020-இலேயே சிஸ்டம்டி கொண்டுவந்துவிட்டது. எத்தனை நிறுவல் குறிப்புகள் அதைச் சொல்கின்றன?

ஆபத்து ஏட்டளவில் மட்டும் இல்லை. 2021 ஜனவரி 31 முதல், கோட்கவ் என்ற சோதனைக் கருவியின் ஸ்கிரிப்டில் யாரோ கைவைத்து, அதை ஓட்டிய நிறுவனங்களின் சூழல் மாறிகளைத் தங்கள் சர்வருக்குத் திருப்பிக்கொண்டார்கள். ஏப்ரல் 1 அன்று, ஸ்கிரிப்டின் சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போகவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கவனித்துச் சொன்ன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இரண்டு மாதம் ஓடியிருந்தது. அதற்கு முன்பே, 2014 செப்டம்பரில் வெளியான ‘ஷெல்ஷாக்’ ஓட்டை, மாறியின் மதிப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால் பாஷ் அதை ஓட்டிவிடும் என்று காட்டியது. ஸ்டெஃபான் ஷாஸலாஸ் கண்டுபிடித்த அந்த ஓட்டை 1989-இலிருந்தே உள்ளே இருந்தது. 2016-இல் ‘எச்டிடிபாக்ஸி’ என்று பெயர் பெற்ற இன்னொன்று: வெளியாள் அனுப்பும் ஒரு தலைப்பு வரி, சர்வரின் ப்ராக்ஸி மாறியாக வேடம் போட்டுக்கொள்ளும். இந்த ஆபத்துக்காகத்தான் கர்ல் அந்த மாறியைச் சிறிய எழுத்தில் எழுதினால் மட்டும் ஏற்கிறது. பெரிய எழுத்தில் எழுதி, ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்று தலையைச் சொறிபவர்கள் அந்த வரலாற்றின் மிச்சத்தைத்தான் அனுபவிக்கிறார்கள்.

ஆக, நிரல் எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியது பெரிதல்ல. கட்டாயம் வேண்டிய மாறி வரவில்லையென்றால், மாறியின் பெயரைச் சொல்லி, ஓட மறுத்து நிற்கட்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற மாறிகளுக்கு, எந்த மதிப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று எழுந்தவுடன் ஒரு வரி எழுதட்டும். ரகசியமானால் மதிப்பை மறைத்து, ‘கிடைத்தது’ அல்லது ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொல்லட்டும். எண் வர வேண்டிய இடத்தில் முகவரி வந்தால் அதையும் சொல்லட்டும். இதற்கு ஆகும் வேலை ஒரு பிற்பகல்கூட இருக்காது. இதைச் செய்யாத மென்பொருளை வாங்கும் நிறுவனங்கள், குறிப்பாகப் பொதுப்பணத்தில் வாங்கும் அரசு அலுவலகங்கள், ஒப்பந்தத்திலேயே இதை நிபந்தனையாக்கலாம்.

மேலாளர்களுக்கும் ஒன்று. சேவை விழுந்த ராத்திரியில் இளைய ஊழியரிடம் ‘ஏன் சரியாகப் பார்க்கவில்லை’ என்று கேட்பதற்குப் பதில், ‘ஓடும் நிரலுக்குக் கிடைத்த சூழல் என்ன, எடுத்துக் காட்டு’ என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும். அவருக்கும் ஒரு வேலை பழகும்.

கடைசியாக, நிறுவல் குறிப்பு எழுதுபவர்களுக்கும் யூடியூபில் தமிழில் பாடம் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘எக்ஸ்போர்ட் என்று தட்டுங்கள், வேலை முடிந்தது’ என்று வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். பார்ப்பவர்களில் பாதிப்பேர் அதைச் சேவையாகத்தான் ஓட்டப்போகிறார்கள். சேவையின் கோப்பில் அந்த வரியை எங்கே எழுத வேண்டும், எப்படி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். வீடியோ இரண்டு நிமிடம் நீளும், அவ்வளவுதான்.